வழிக்காவல் இல்லை

நான் நிருபராக இருந்த நாட்களில் எங்கள் அலுவலகத்தில் ‘சரண்டர்’ என்ற சொல்லுக்கு ஒரே பொருள்தான். ஏதாவது ஓர் ஊரில் வெட்டு விழும். வெட்டியவன் என்று பேர் அடிபட்டவன் இரண்டு மூன்று நாளில் தூரத்து நீதிமன்றம் ஒன்றில் வக்கீலோடு போய் நிற்பான். ‘சரண்டர் ஆயிட்டான்’ என்று போன் வரும். செய்தியில் ‘சரண் அடைந்தார்’ என்று எழுதுவோம். தொண்ணூறுகளின் நடுவில் திருநெல்வேலியில் வேலை பார்த்த எந்த நிருபரும் அந்த வாக்கியத்தைத் தூக்கக் கலக்கத்தில்கூடப் பிழையில்லாமல் எழுதிவிடுவார்.

அந்தச் சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு. அரசு அலுவலகங்களில் மார்ச் மாதம் முழுவதும் அதே பேச்சாக இருக்கும். ஒரு காரியத்துக்கென்று சட்டமன்றம் ஒதுக்கிய பணம் அந்த நிதியாண்டுக்குள் செலவாகாவிட்டால், மிஞ்சியதை அரசிடமே திருப்பி ஒப்படைக்க வேண்டும். அதற்கும் சரண்டர் என்றுதான் பெயர். பணம் சரணடைகிறது என்பது எனக்கு வேடிக்கையாக இருந்த காலம் ஒன்று உண்டு.

எந்தச் சிறை, எந்த நீதிமன்றம் என்று இங்கே எழுதப் போவதில்லை. இரண்டும் தாமிரபரணி பாயும் பகுதியில் இருந்தன. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நடந்தே போய்விடலாம். நடுவில் ஒரு ரயில்வே கேட். கேட் அடைத்திருந்தால்தான் தாமதம்.

அந்தச் சிறையில் சீவலப்பேரிக்காரர் ஒருவர் இருந்தார். நடவுக்கும் அறுப்புக்கும் கூலிக்குப் போகிறவர். வயற்காட்டுப் பம்ப்செட் ஒன்றில் மோட்டாரின் செம்புக் கம்பியைத் திருடினார் என்று வழக்கு. ஜாமீன் கொடுத்துவிட்டார்கள். ஆனால் அதற்குக் கையெழுத்துப் போட, தங்கள் பெயரில் வீட்டுவரி ரசீது வைத்திருக்கும் இரண்டு பேர் வேண்டும். அவருடைய சொந்தக்காரர்கள் எல்லாரும் புறம்போக்கில் குடிசை போட்டிருந்தவர்கள். வரி போடும்படியான வீடு ஒருவருக்கும் இல்லை. ஆகவே ஜாமீன் கிடைத்த பிறகும் அவர் உள்ளேயே இருந்தார்.

அவருடைய மனைவியை நான் ஒவ்வொரு வாய்தாவுக்கும் நீதிமன்ற வளாகத்தில் பார்த்தேன். வழக்கைத் தள்ளிப்போடும் நாளை எங்கள் பக்கத்தில் வாய்தா என்போம். அன்றைய கூலியை விட்டுவிட்டு, முதல் டவுண் பஸ்ஸில் வந்து, சைக்கிள் ஸ்டாண்டை ஒட்டிய வாகை மரத்தடியில் உட்கார்ந்திருப்பார். கணவருக்கென்று ஒரு தூக்குவாளியில் சோறு இருக்கும். பெயர் கூப்பிட்டதும் எழுந்து வாசலுக்குப் போவார். நீதிமன்றச் சேவகரான டவாலி மூன்று தடவை பெயரைச் சொல்லி அழைப்பார். நீதிமன்றப் பணியில் இருக்கும் ஏட்டு எழுந்து, “வழிக்காவல் இல்லய்யா” என்பார். நீதிபதி அடுத்த தேதியைச் சொல்லுவார். அவ்வளவுதான். அந்த அம்மாள் மரத்தடிக்குத் திரும்பி, தூக்குவாளியைத் திறந்து, அந்தச் சோற்றைத் தானே சாப்பிடுவார்.

வழிக்காவல் என்பது கைதியைச் சிறையிலிருந்து நீதிமன்றத்துக்கு அழைத்து வந்து திரும்பக் கொண்டுபோய் விடும் காவல். ஒரு கைதிக்கு இரண்டு காவலர் வேண்டும். காகிதத்துக்கு அப்படி இல்லை. சிறையில் உள்ள அத்தனை பேருடைய வாரண்டுகளையும் ஒரே காவலர் ஒரு பையில் போட்டுக்கொண்டு வந்துவிடலாம். நீதிபதி வரிசையாகக் கையெழுத்துப் போட்டால் காவல் நீட்டிப்பு ஆகிவிடும். ஆட்கள் வராமல் அவர்களுடைய காகிதங்கள் மட்டும் தவறாமல் நீதிமன்றத்துக்கு வந்து போய்க்கொண்டிருந்தன.

ஒருநாள் அந்த அம்மாள் ஏட்டை வழிமறித்தார்.

“ஏன் சார், இந்தா கூப்பிடு தூரம். நான் வேணும்னா போய்க் கூட்டிட்டு வந்துருதேன்.”

“ஆமா, நீ போய்க் கூட்டிட்டு வாரதுக்கு அவன் என்ன பள்ளிக்கூடத்துலயா இருக்கான்?”

“பள்ளிக்கூடம்னா சாயந்தரம் விட்டுருவாவளே.”

ஏட்டு சிரித்துவிட்டார். கெட்ட மனிதர் இல்லை. “ஏம்மா, என்கிட்ட ஆளு இருந்தா நான் அனுப்ப மாட்டனா? இருக்க ஆளையெல்லாம் பந்தோபஸ்துக்குப் பிடிச்சிட்டுப் போயிருதாவ. கோயில் கொடைக்கு ஆளு வேணும், கட்சிக் கூட்டத்துக்கு ஆளு வேணும், மந்திரி வந்தா வேணும், போனா வேணும். உம் மாப்பிள்ளைக்கு மட்டும் நான் எங்கனபோய் ஆளு பிடிக்க?”

வழக்கை எடுத்து நடத்தியவர் பாளையங்கோட்டைக்கார இளம் வக்கீல். வாத்தியார் வீட்டுப் பிள்ளை. கட்சிக்காரரிடம் காசு வாங்காத வழக்குகள் அவரிடம்தான் நிறைய இருந்தன. சீனியர்கள் அவரை ஏசிக்கொண்டிருந்தார்கள். அவர் ஒருநாள் கேண்டீனில் என் எதிரே வந்து உட்கார்ந்தார்.

“அண்ணாச்சி, ஜட்ஜு ஒத்துக்கிட்டாரு. அடுத்த வாய்தாவுக்கு ஆள நிறுத்துங்க, குத்தத்த ஒத்துக்கிடட்டும், இதுவரைக்கும் உள்ள இருந்தத தண்டனையா எழுதி விட்டுருதேங்காரு.”

“அவர் திருடலைன்னுல்லா சொன்னீரு?”

“திருடலதான். திருடலன்னு காட்டணும்னா கேஸ் நடக்கணும். கேஸ் நடக்கணும்னா ஆளு வரணும். திருடுனேன்னு ஒரு தடவ வந்து சொல்லிட்டுப் போனா அன்னைக்கு சாயந்தரம் வீட்டுல இருக்கலாம்.”

“அந்த அம்மா என்ன சொல்லுதாவ?”

“ஊருல ஏற்கெனவே களவாணின்னுதான் சொல்லுதாவ, அத ஜட்ஜய்யாகிட்டயும் சொல்லிட்டு வரட்டுங்கா.” வக்கீல் டீயைக் குடிக்காமல் தம்ளரைச் சுற்றிக்கொண்டிருந்தார். “ஒரே சிக்கல்தான். ஜட்ஜுக்கு மாறுதல் வந்துட்டு. அடுத்த வாய்தாதான் அவருக்குக் கடைசி. அன்னைக்கு ஆளு வரலன்னா புது ஜட்ஜுகிட்ட முதல்லருந்து ஆரம்பிக்கணும்.”

அவர் சொன்ன தேதியைக் கேட்டதும் எனக்கு நல்ல காலம் என்றே பட்டது. அதே நாளில்தான் சட்டமன்றக் குழு ஒன்று மாவட்டத்துக்கு வருவதாக இருந்தது. காவல்துறைக்கும் நீதிமன்றங்களுக்கும் சிறைகளுக்கும் சட்டமன்றம் ஒதுக்கிய பணம் அந்தந்தக் காரியத்துக்குச் செலவாகிறதா என்று நேரில் பார்ப்பது குழுவின் வேலை. ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி இரண்டிலிருந்தும் உறுப்பினர்கள் இருப்பார்கள். அதிகாரிகளை உட்காரவைத்துக் கேள்வி கேட்க அவர்களுக்கு அதிகாரம் உண்டு.

முந்தின நாள் மாலை விருந்தினர் மாளிகையில் உறுப்பினர் ஒருவரைப் பார்த்தேன். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். பொறுமையாகக் கேட்டார். கைதிகள் நீதிமன்றத்துக்கு ஏன் வருவதில்லை, அதற்கான பணம் என்ன ஆகிறது என்ற இரண்டு கேள்விகளையும் என் வாயிலிருந்தே எழுதிக்கொண்டார். “கண்டிப்பாக் கேக்கிறேன் தம்பி” என்றார். கேட்கவும் செய்தார். அதில் அவரைக் குறை சொல்ல முடியாது.

மறுநாள் காலையில் ஆற்றுப் பாலத்திலிருந்து விருந்தினர் மாளிகை வரைக்கும் மின்கம்பத்துக்கு ஒரு காவலர் நின்றிருந்தார். அதைப் பார்த்தபோதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். நீதிமன்றத்தில் டவாலி மூன்று தடவை கூப்பிட்டார். ஏட்டு எழுந்தார்.

“வழிக்காவல் இல்லய்யா.”

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். “இன்னைக்குமா?”

“கமிட்டி பந்தோபஸ்துக்குப் போயிருக்காங்கய்யா.”

கைதிகளுக்கான செலவைப் பார்க்க வந்த குழுவுக்குக் காவல் நிற்பதற்காக, கைதிகளைக் கொண்டுவர வேண்டிய ஆட்கள் போய்விட்டார்கள். நீதிமன்றத்தில் யாரும் சிரிக்கவில்லை. வக்கீல் எழுந்து, மதியத்துக்குமேல் எடுத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டார். “நான் இருக்கையை விட்டு எழுந்திருக்கிறவரைக்கும் நேரம் இருக்கு. கொண்டாங்க” என்றார் நீதிபதி.

வெளியே வந்ததும் வக்கீல் என் சட்டையைப் பிடிக்காத குறை. “அண்ணாச்சி, ரெண்டே ரெண்டு போலீஸ். கமிட்டிகூட இருக்க போலீஸ் அதிகாரி ஒரு வார்த்த சொன்னாப் போதும்.”

மூவரும் விருந்தினர் மாளிகைக்குப் போனோம். வக்கீலும் நானும் ஸ்கூட்டரில், அந்த அம்மாள் டவுண் பஸ்ஸில். தூக்குவாளியோடு அவர் வந்து இறங்கியபோது, பின்னாலேயே கம்பிவலை போட்ட நீல வண்டி ஒன்று வளாகத்துக்குள் திரும்பியது. கைதிகளை ஏற்றும் வண்டி.

“வண்டி வந்துட்டு! அண்ணாச்சி, வண்டி வந்துட்டு!” என்று அந்த அம்மாள் ஓடினார். நானும் ஒரு கணம் நம்பினேன். யாரோ சிறைக்குப் போன் செய்திருக்கலாம் என்று நினைத்தேன். வண்டியின் பின்கதவைத் திறந்து துப்பாக்கியோடு இரண்டு காவலர்கள் இறங்கினார்கள். பிறகு உள்ளே கையை விட்டுச் சுருட்டிய பாய்களை ஒவ்வொன்றாக இறக்கினார்கள்.

பத்தமடைப் பட்டுப் பாய்கள். குழு உறுப்பினர்களுக்கு நினைவுப் பரிசு. ஒவ்வொரு பாயிலும் அந்தந்த உறுப்பினரின் பெயரைக் கோரையில் சாயம் ஏற்றி நெய்திருந்தார்கள். நெய்கிறவர்கள் கடைசி நேரத்தில்தான் முடித்தார்களாம், அதனால் விடிந்ததும் வண்டியை அனுப்பி எடுத்துவரச் சொல்லியிருக்கிறார்கள். அந்த அம்மாள் வண்டிக்குள் எட்டிப் பார்த்தார். கடைசிப் பாய் இறங்கும் வரையில் பார்த்துக்கொண்டே நின்றார்.

காவலர்களில் ஒருவரை எனக்குத் தெரியும். “என்னவே, பாய்க்கு ரெண்டு பேரு காவலா?” என்றேன்.

“உத்தரவு அண்ணாச்சி.” அவர் சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “கைதியக் கூட்டிட்டுப் போனா பீடி கேப்பான், ஒண்ணுக்கு வருதும்பான், வீட்டு ஆளக் கண்டா அழுவான். பாய் ஒண்ணுஞ் சொல்லாதுல்லா. பைய உருண்டு வந்துருது.”

கூட்டம் பெரிய ஹாலில் நடந்துகொண்டிருந்தது. நிருபர்களுக்கு ஓரமாக ஒரு பெஞ்சு. தஞ்சாவூர்க்காரர் என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுக் கேட்டார்: விசாரணைக் கைதிகளை நீதிமன்றத்துக்கு அழைத்துச் செல்லும் செலவுக்குக் கொடுத்த பணம் என்ன ஆயிற்று?

மாவட்டக் காவல்துறை அதிகாரி தயாராக இருந்தார். “அந்த இனத்தில் ஒதுக்கீடு முழுவதும் தேவைப்படவில்லை. மீதியை மார்ச்சில் சரண்டர் செய்திருக்கிறோம்.”

“தேவைப்படலியா?”

“பயணங்கள் எதிர்பார்த்ததைவிடக் குறைவாக இருந்தன.”

பொய் இல்லை. பயணங்கள் குறைவாகத்தான் இருந்தன. கைதிகள் எங்கேயும் போகவில்லை, டீசல் செலவாகவில்லை, பயணப்படி கொடுக்க வேண்டியிருக்கவில்லை. ‘ஏன் குறைந்தன’ என்ற அடுத்த கேள்விக்காக நான் பேனாவைத் திறந்து வைத்திருந்தேன். குழுத் தலைவர் முந்திக்கொண்டார்.

“ஒதுக்குனதுக்கு மேல செலவு பண்ணிட்டு வந்து கைய விரிக்கிறவங்களத்தான் நாம பாத்திருக்கோம். இவரு மிச்சம் பிடிச்சுக் குடுத்திருக்காரு. இத மத்த மாவட்டத்துக்கும் சொல்லணும்” என்றார். மேஜையைச் சுற்றி எல்லாரும் தலையாட்டினார்கள். தஞ்சாவூர்க்காரர் தன் காகிதத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு காவலர் குடியிருப்பில் தண்ணீர்த் தொட்டி ஒழுகுவதைப் பற்றிக் கேட்க ஆரம்பித்தார்.

குழு சாப்பிட எழுந்தது. அதற்குள் வக்கீல் ஒரு மனுவை எழுதி அந்த அம்மாளிடம் கொடுத்து, போர்டிகோவில் நிறுத்தியிருந்தார். தலைவர் வெளியே வந்தவர், கறுப்புக் கோட்டைப் பார்த்து நின்றார்.

“என்னம்மா?”

அந்த அம்மாள் மனுவை நீட்டினார். வக்கீல்தான் சுருக்கமாகச் சொன்னார். வீட்டுக்காரர் சிறையில் இருக்கிறார், நீதிமன்றம் இன்று காத்திருக்கிறது, வழிக்காவல் இல்லை. தலைவர் பக்கத்தில் நின்ற அதிகாரியைத் திரும்பிப் பார்த்தார்.

“உள்ளே பேசினோமே அய்யா. அதுதான் சரண்டர் ஆயிடுச்சு” என்றார் அதிகாரி.

அந்தச் சொல் அந்த அம்மாளுக்குத் தெரியும். ஆறேழு மாதமாக நீதிமன்ற வளாகத்துக்கு வந்த நாளெல்லாம் காதில் விழுந்த சொல். வெட்டியவர்களும் குத்தியவர்களும் வந்து செய்கிற காரியம் அது.

“எங்க வீட்டு ஆளு சரண்டர் ஆவலய்யா!” என்றார். குரல் உடைந்து, பெரிதாக வந்தது. “யாரோ பொய் சொல்லுதாவ. கஞ்சி குடிச்சிட்டு இருந்தவுகள வந்து பிடிச்சிட்டுப் போனாவ. சரண்டர் ஆவுத அளவுக்கு அவுக ஒண்ணும் செய்யலய்யா!”

முதலில் சிரித்தது ஓர் உறுப்பினர். பிறகு அதிகாரி. பிறகு நிருபர்களில் சிலர். தலைவர் கண்ணில் தண்ணீர் வர, தோள் துண்டால் துடைத்துக்கொண்டு சிரித்தார். “நல்லாச் சொன்னம்மா, நல்லாச் சொன்ன” என்று மனுவை வாங்கி அதிகாரி கையில் கொடுத்து, “கவனிங்க” என்றார்.

“கவனிக்கிறோம் அய்யா.”

அந்த அம்மாளும் கொஞ்சம் சிரித்தார். எல்லாரும் சிரித்ததால் காரியம் ஆகிவிட்டது என்று எடுத்துக்கொண்டார் என நினைக்கிறேன்.

சாப்பாடு முடிந்து வக்கீல் அதிகாரியை மறுபடியும் பிடித்தார். குழு பாபநாசத்துக்கு அணை பார்க்கப் போகிறது, வழிநெடுகக் காவல் வேண்டும், திரும்பி வந்ததும் ஆள் தருகிறோம் என்று பதில் வந்தது. அணைக்கும் கைதிச் செலவுக்கும் என்ன சம்பந்தம் என்று வக்கீல் கேட்டார். அதிகாரி கார்க் கதவைச் சாத்திக்கொண்டார். பாய்கள் கார்களின் பின்புறம் ஏறின. நாங்கள் நீதிமன்றத்துக்குத் திரும்பினோம். நீதிபதி வேண்டுமென்றே சின்னச் சின்ன வேலைகளை இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது எனக்குத் தெரிந்தது. மற்ற கோர்ட்டுகளைப் பூட்டிவிட்டார்கள். கடைசியில் வாசலைப் பார்த்தார், வக்கீலைப் பார்த்தார், வாய்தா போட்டார், எழுந்தார்.

“அந்தப் பெரியவரு கவனிங்கன்னு சொன்னாவளே” என்றார் அந்த அம்மாள். வக்கீல் வழக்குக் கட்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

அன்று நான் எழுதியது நீளமான செய்தி. குழு வந்த நாளிலேயே குழுவின் காவலுக்காக விசாரணை நின்றது, செலவாகாத பணம் எப்படி மிச்சமானது, இரண்டையும் சேர்த்து எழுதி ஃபேக்ஸில் அனுப்பினேன். மறுநாள் ‘சிக்கன நடவடிக்கைக்குக் குழு பாராட்டு’ என்ற தலைப்பில் நாலு வரி வந்திருந்தது. மதுரை டெஸ்க்கிலிருந்து போன்.

“என்ன ஓய், அந்தப் பொம்பள அடிச்ச சரண்டர் ஜோக்கு நம்ம கிட்ட இல்லயே? மத்த பேப்பர்ல எல்லாம் பெட்டிச் செய்தியாப் போட்டிருக்கான்.”

“ஜோக் இல்ல. என் செய்தியில கடைசிப் பாராவுல இருந்தது.”

“கடைசிப் பாராவ யாரு ஓய் படிக்கா?”

அடுத்த நாள் எங்கள் பத்திரிகையிலும் பெட்டி கட்டி வந்தது. தலைப்பு: ‘கலகலப்பு’.

புது நீதிபதி வருவதற்கு நாள் ஆயிற்று. அதுவரை வேறு ஊர் நீதிபதி பொறுப்பு பார்த்தார். பொறுப்பு நீதிபதிகள் வாய்தா மட்டும்தான் போடுவார்கள். புதியவர் வந்ததும் எல்லா வழக்குக் கட்டுகளையும் முதலிலிருந்து படிக்க வேண்டும் என்றார். நியாயம்தான். வழிக்காவல் இருந்த நாளில் அவர் விடுப்பு. அவர் இருந்த நாளில் ஏதாவது பந்தோபஸ்து. அந்த மரத்தடிக்கு அம்மாள் வருவதும் குறைந்தது. நடவு சமயம், கூலியை விட்டால் வீட்டில் உலை இல்லை.

இதற்கிடையில் குழுவின் அறிக்கை சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. சென்னையில் இருந்த எங்கள் நிருபர் ஒரு பிரதி அனுப்பிவைத்தார். எங்கள் மாவட்டத்துக்கு ஒரு பத்தி. சிக்கனம் குறித்துக் குழு திருப்தி தெரிவித்திருந்தது. தண்ணீர்த் தொட்டியைச் சீர்செய்யப் பரிந்துரைத்திருந்தது. பயணங்கள் குறைந்திருப்பதால் அடுத்த ஆண்டுக்கான ஒதுக்கீட்டை அதற்கேற்பக் குறைத்துக்கொள்ளலாம் என்றும் இருந்தது. போகாத பயணத்தை அளவுகோலாக வைத்து, இனிப் போகவேண்டிய பயணத்தை வெட்டியிருந்தார்கள். எழுத்தில் எந்தப் பிழையும் இல்லை.

கடைசியில் ஒருநாள் அவரை நிறுத்தினார்கள். காவலர்கள் கிடைத்த அன்று நீதிபதியும் இருந்தார், அவ்வளவுதான் காரணம். அப்போதுதான் நான் அந்த மனிதரை முதன்முதலாகப் பார்த்தேன். வெயிலே படாததால் அறுப்புக் கூலிக்காரர்போலத் தெரியவில்லை, நிழலில் வேலை பார்க்கிற குமாஸ்தா மாதிரி வெளிறியிருந்தார். “களவெடுத்தியா?” என்று கேட்டதற்கு, சொல்லிக் கொடுத்தபடி “ஆமய்யா” என்றார். மூன்று மாதம் தண்டனை, ஏற்கெனவே இருந்த நாளில் கழித்துக்கொள்ளலாம், விடுதலை. பேசி முடிக்க ஒரு டீ குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. ஓராண்டுக்குக் கொஞ்சம் குறைவாக அவர் உள்ளே இருந்திருந்தார்.

சிறை நடைமுறைகள் முடிந்து அவர் வெளியே வந்தபோது மனைவியும் வக்கீலும் நானும் வாசலில் நின்றோம். நால்வரும் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தோம். ரயில்வே கேட் அடைத்திருந்தது. ரயில் போகிற வரைக்கும் அவர் எதையோ விரல்விட்டு எண்ணிக்கொண்டு நின்றார்.

“சார், மூணு மாசம்னுதான எழுதுனாவ?” என்று வக்கீலைக் கேட்டார்.

“ஆமா.”

“அப்பம் மிச்சம்?”

வக்கீல் கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நான் கூடுதலா இருந்துருக்கம்லா. அந்த மிச்சத்த என்ன செய்வாவ?”

தூக்குவாளியை இடுப்பில் வைத்திருந்த மனைவிதான் பதில் சொன்னார். அந்தச் சொல்லின் இன்னொரு பொருளை யாரோ அவருக்குச் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். அல்லது அவராகவே தெரிந்துகொண்டிருக்க வேண்டும்.

“சரண்டர் பண்ணியிருப்பாவ” என்றார். “வாங்க, பஸ்ஸு போயிரும்.”

நான் அதைச் செய்தியாக அனுப்பவில்லை. அனுப்பியிருந்தால் பெட்டி கட்டியிருப்பார்கள்.